இறந்தவனுக்கு வசனம் கிடையாது

மரியாதைக்கும் வணக்கத்துக்கும் உரிய மூத்த சகோதரி ஃபுவாதினோ அவர்களுக்கு, சமோவாவின் சவாயீ தீவு, மேற்குக் கோடியிலிருந்து தங்கள் தம்பி அபெராமோ பணிவுடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் மனைவி மலாயேட்டாவும் நாயும் கோழிகளும் நலம். வீட்டு முன்னால் இருக்கும் அப்பா அம்மா சமாதிக்குப் போன மாதம்தான் வெள்ளையடித்தேன். ஆக்லாந்தில் தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் குளிரில் நலமாய் இருக்க வேண்டுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். போன மாதம் நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோது எடுத்து "யாரு?" என்று கேட்டவன் நானேதான், என் ஆவி இல்லை. நீங்கள் போட்ட அலறலில் ஒரு காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நான்தான் என்று புரிந்ததும், "நீ செத்துட்டேன்னு சபையையே கூட்டி அழுதுட்டு வந்திருக்கேன், நீ என்னடான்னா உசுரோட உக்காந்துக்கிட்டு யாருன்னா கேக்குறே?" என்று கத்திவிட்டு வைத்தீர்கள். அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. கடைசியில் அத்தான்தான் எடுத்து, "அவ உன்கூடப் பேசமாட்டாளாம் அபெராமோ. நீ செத்திருந்தா பேசியிருப்பாளாம்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் சபையார் என் ஆத்துமாவுக்காகச் செய்த ஜெபத்துக்கு நன்றி. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று போதகரிடம் சொல்லுங்கள். இருக்கட்டும், பிற்பாடு உதவும். என் சாவுக்குச் சீராக வைக்க, அம்மா கையால் பின்னிய அந்த மெல்லிய பாயைக்கூட நீங்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டி வைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அக்கா, மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தப் பாயை உங்கள் மாமியார் சாவுக்கே நீங்கள் கொடுக்கவில்லை.

நடந்தது வேறொன்றும் இல்லை. உங்கள் தம்பி சினிமாவில் நடித்துவிட்டான். அதுவும் கதாநாயகனாக. கதாநாயகன் செத்தவன், அவ்வளவுதான்.

சியேனி என்றொரு பெண். அப்பாவுக்குத் தலைநகர் அபியா பக்கம். இவள் வெலிங்டனில் வளர்ந்தவள். ஆனால் முறை தெரிந்தவள், பெரியவர்களுக்குக் காணிக்கையாக ஆவா பான வேர்க்கட்டோடுதான் நம் ஊர்ச் சபைக்கு வந்தாள். படத்தின் கதையை அங்கேதான் சொன்னாள். நம் கடற்கரைப் பாறைக்குள்ளே ஆவிகள் இறங்கிப் போகிற வழி இருக்கிறதல்லவா, ஒரு மனிதன் செத்து அந்த வழிக்கு வந்து நிற்கிறான். இறங்குவதற்கு முன்னால் அவனுக்கு ஒரே ஒரு பகல் கிடைக்கிறது. அந்தப் பகலில் ஊருக்குள் திரும்பி நடந்து, எதையெல்லாம் மறக்க மனசில்லையோ அதையெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமல் விட்டது அத்தோடு போய்விடும். இவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, யாரும் ஓடமாட்டார்கள். சபையில் சிலர் அப்போதே கொட்டாவி விட்டார்கள். நான் ஊரின் பேச்சாளர் என்ற முறையில் எழுந்து வரவேற்றேன். அவளுடைய அப்பா ஊரின் பெருமை, நம் ஊரின் பெருமை, இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் கடலின் பெருமை என்று ஒன்றையும் விடவில்லை. நிழல் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகும்வரை பேசினேன். பேசி முடித்து உட்கார்ந்தால், அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐயா, எனக்கு நீங்கதான் வேணும்" என்றாள்.

"பேச்சு அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

"பேச்சு இல்லீங்க. முடிச்சுட்டு உக்காந்தீங்க பாருங்க, அப்ப உங்க முகம் இருந்துச்சே, அது. அப்படியே உசுரு போன மாதிரி."

குடும்பப் பட்டம் வாங்கிய இத்தனை பட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த சபையில் என் ஒருவன் முகத்துக்குத்தான் அந்தப் பாக்கியம். வீட்டுக்கு வந்து மலாயேட்டாவிடம் சொன்னேன். கூடவே வந்திருந்த சியேனியிடம், வசனம் எத்தனை பக்கம், இப்போதே மனப்பாடம் பண்ணிவிடுகிறேன் என்று கேட்டேன். "வசனம் கிடையாதுங்க ஐயா. செத்தவரு பேசமாட்டாரு" என்றாள். மலாயேட்டா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவரையா? பேசாமலா? அம்மாடி, நீ படம் எடுக்க வரலை, அற்புதம் பண்ண வந்திருக்கே" என்றாள். உங்கள் தம்பி மனைவியின் நாக்கு உங்களுக்குத் தெரியாததா?

முதலில் நான் ஊருக்குள் நடக்கிற காட்சி. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, இடுப்பில் சுற்றிய வெள்ளை லாவாலாவா, வெறுங்கால். செத்தவன் என்பதால் ஊரில் யார் கண்ணிலும் படமாட்டேன், அதுதான் காட்சி. கேமராவைத் திறந்ததும் நடந்தேன் அக்கா, இதற்கென்றே பிறந்தவன் மாதிரி நடந்தேன். முதல் வீட்டைத் தாண்டவில்லை, உள்ளேயிருந்து, "அபெராமோ! எங்கே கிளம்பிட்டீங்க? வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க!" என்று குரல். நம் வீடுகளுக்குச் சுவரா இருக்கிறது? போகிறவனைக் கூப்பிடாமல் விடுவார்களா? கூப்பிட்டால் பதில் சொல்லாமல் போக, நான் என்ன வளர்ப்பில்லாதவனா? "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க, உங்க சமையலுக்கு ஆண்டவர் ஆசீர்வாதம்" என்று நின்று முறையாகச் சொல்லிவிட்டு நடந்தேன். சியேனி தலையில் கை வைத்தாள். வீடு வீடாகப் போய், "அவர் செத்துட்டாரு, கூப்பிடாதீங்க" என்று கெஞ்சினாள். வளைவு வீட்டு விதவை தவுசாகா, "செத்தா என்னம்மா, பசிக்காதா? சாப்பிட்டுட்டுப் போகட்டுமே" என்றாள். இரண்டாம் தடவை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் வாசலுக்கு வாசல் எனக்காகச் சுட்ட சீமைப்பலாவைத் தட்டில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் தடவை என்னைப் பார்க்கவே கூடாது என்று ஊரே கண்ணைக் கையால் பொத்திக்கொண்டது. நம் நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு கடைசிவரை பின்னாலேயே வந்தது. விரட்டினேன். "விடுங்க ஐயா, நாய்க்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சியேனி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஆக, படத்தில் என்னைக் கண்ணால் பார்ப்பது நாய் ஒன்றுதான். பாறைக்குள் இறங்குகிற காட்சியிலும் ஒரு சின்ன மனவருத்தம். நம் பாறையில் பட்டக்காரர்கள் இறங்க ஒரு வழி, சாதாரண ஜனங்கள் இறங்க ஒரு வழி என்று இருக்கிறதல்லவா? கேமரா வைக்க வசதியில்லை என்று என்னைச் சாதாரண வழியில் இறக்கிவிட்டாள். நம் அப்பா பெயருக்காகச் சொல்கிறேன், படத்தில் அதைப் பார்த்தால், அது கேமராவின் வசதிக்காக என்று பக்கத்திலிருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் கோபித்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் எனக்கு ஒரு சவ அடக்கம் உண்டு. தீவின் கிழக்கே சலெலொலோகாவில் சவப்பெட்டி வாங்கி, பஸ் கூரையில் கட்டினார்கள். டிரைவர், "யாருக்கு?" என்று கேட்டிருக்கிறான். பெட்டி வாங்கப் போன படக்காரன் வெலிங்டன் ஆள், பாதி சமோவா பேச்சுதான் வரும். "அபெராமோவுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டான். அந்த பஸ் தீவைச் சுற்றி, நிறுத்தம் நிறுத்தமாக நின்று, என் பெட்டியை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கினவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள், வீட்டில் இருந்தவர்கள் ஆக்லாந்துக்குச் சொன்னார்கள். பெட்டி ஊர் வந்து சேர்வதற்குள் நீங்கள் அங்கே அழுது முடித்திருக்கிறீர்கள்.

மறுநாள் காலை நான் பெட்டிக்குள் படுத்திருக்கிறேன். சுற்றிலும் வெள்ளைத் துணி, பூ, நம் ஊர்ப் பெண்கள் பாட்டு. அபியாவிலிருந்து வந்த ஒரு நடிகை என் மனைவியாகத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மலாயேட்டா பின்கட்டில் படக்காரர்களுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். அப்போது ரோட்டில் நிஜ அழுகை கேட்டது. மலாயேட்டாவின் அண்ணன் லஃபாயேலே, தீவின் அந்தப் பக்கத்திலிருந்து தன் குடும்பம் முழுவதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். முறைப்படி அரைவேக்காடாகச் சுட்ட முழுப் பன்றி, பெட்டி பெட்டியாக மீன் டப்பா, பெண்கள் இரு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு வரும் பாய்கள். சியேனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரோ ஏற்பாடு பண்ணி அனுப்பின கூட்டம் என்று நினைத்து, "எடுங்க, எடுங்க, நிறுத்தாதீங்க" என்று கேமராக்காரனிடம் கிசுகிசுத்தாள். எனக்கு லஃபாயேலேயின் குரல் தெரிந்துவிட்டது. ஆனால் நான் செத்தவன், என்ன செய்வேன்? மலாயேட்டாவும் கரண்டியோடு ஓடி வந்து பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள்; அதற்குள் அவர் பேச்சாளர் கோலை ஊன்றிக்கொண்டு பேச எழுந்துவிட்டார். பட்டக்காரர் பேசும்போது குறுக்கே பேச முடியுமா?

அக்கா, என் சவ அடக்கப் பேச்சை நான் கேட்டேன். எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? என்ன பேச்சு! மேற்குக் கரையின் தூண் சாய்ந்தது என்றார். இனி இந்த ஊர்ச் சபையில் அலைச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்றார். உயிரோடு இருக்கும்போது என்னை "வாயாடி" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத மனிதர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்கிறார். எனக்குக் கண்ணோரம் நனைந்தது. செத்தவனுக்குத் துடைக்க வழியில்லை. அப்படியே வம்சாவளிக்கு வந்தார். நம் முப்பாட்டன் வரை சரியாக வந்தார். அங்கே வந்து, "கடல் கடந்து வந்த இரண்டு சகோதரர்களில் இளையவரின் வழியில் பிறந்தவர்" என்றார்.

இளையவரா? நம் முப்பாட்டனா?

பொறுத்துப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் திருத்துவதற்கு ஒருவராவது இருப்பார்கள் என்று காத்தேன். எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து, "இளையவர் இல்லை, மூத்தவர்!" என்றேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்கள் பாயைப் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்து ஓடினார்கள். பன்றியைத் தூக்கி வந்தவர்கள் அதை என் நாய்க்குப் பக்கத்திலேயே நழுவவிட்டார்கள். லஃபாயேலே மட்டும் அசையவில்லை. கோல் கீழே விழுந்துவிட்டது, ஆனால் ஆள் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செத்தவனுக்கு என்ன பேச்சு? படு!" என்றார். "தப்பைத் திருத்துங்க, படுக்கறேன்" என்றேன். "எங்க அப்பா சொன்னது இளையவர்னுதான்." "உங்க அப்பாவுக்கு எங்க அப்பா சொன்னதே மூத்தவர்னுதான்." நான் பூமாலையோடு பெட்டிக்குள், அவர் வெளியே, இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மலாயேட்டா நடுவில் வந்து, "அண்ணே, இவர் செத்துட்டதா யார் சொன்னா? வந்தது வந்துட்டீங்க, சாப்பிடுங்க" என்று கரண்டியைக் காட்டினாள். சாவுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போவது நம் வழக்கம் இல்லை. ஆகவே அன்று ஊரே உட்கார்ந்து என் பன்றியை மறுபடி சுட்டுச் சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன், நன்றாக வெந்திருந்தது. போகும்போது லஃபாயேலே என் தோளைத் தட்டி, "மாப்பிள்ளை, இதை எழுதி வச்சுக்குங்க. நிஜமா சாகும்போது இன்னொரு பன்றி கிடையாது. பேச்சும் கிடையாது, பேசிட்டேன்" என்றார். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிச் செய்தியை மாற்றிச் சொல்வதற்குள் நீங்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன், அடக்கம் என்றைக்கு என்று கேட்க எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியைத் தூக்கிவிட்டீர்கள். அதற்குத்தான் நான் "யாரு?" என்று எடுத்தேன்.

இதில் ஒரே நஷ்டம் அந்த அபியா நடிகை. நான் எழுந்து உட்கார்ந்ததும் ஓடியவள்தான், "இந்த ஊர்ல செத்தவங்க எந்திரிச்சு வம்சாவளி பேசறாங்க, எனக்கு இந்தப் படம் வேண்டாம்" என்று கப்பல் ஏறிவிட்டாள். இன்னும் ஒரு காட்சி பாக்கி. செத்தவன் தன் வீட்டுக்கு வந்து உட்காருகிறான். மனைவி பழக்கத்தில் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிடுகிறாள். படத்திலேயே பெரிய காட்சி அதுதான். சியேனி சமையல் பக்கம் போய் மலாயேட்டாவைக் கெஞ்சினாள்.

"எனக்கு நடிக்கவெல்லாம் வராதும்மா."

"நடிக்க வேண்டாம் அம்மா. ஐயா அங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க, போதும்."

"அதுல எனக்கு நல்ல பழக்கம்" என்றாள் மலாயேட்டா.

அன்று மாலை. வெயில் சாய்ந்து வீட்டுக்குள் வந்திருந்தது. நான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முகத்தில் ஒரு தசை அசையக் கூடாது என்று சியேனி சொல்லியிருந்தாள். மலாயேட்டா வந்தாள். சேப்பங்கிழங்கும், இலையில் பொதிந்து வேகவைத்த தேங்காய்ப்பாலும், பொரித்த மீனும் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள். விசிறியை எடுத்து, நான் சாப்பிடும்போது எப்படி ஈ விரட்டுவாளோ அப்படியே விரட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் சாப்பிடவில்லை. அவள் விசிறிக்கொண்டே இருந்தாள். ஏதாவது தோன்றினால் சொல்லலாம் என்று மட்டும் சியேனி சொல்லியிருந்தாளாம். பிறகு தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"உப்பு கம்மியா இருக்கு. சொல்லுங்க."

விசிறி ஒருமுறை நின்றது.

"சொல்லுங்களேன். தினம் சொல்வீங்களே. ஊருக்கெல்லாம் பேசிட்டு, வாய் காலியாத்தானே வீட்டுக்கு வருவீங்க. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான், உப்பு கம்மி. அதுக்காகத்தான் நான் எப்பவும் கம்மியாவே போட்டேன். கையில எடுத்து, பாதியைத் திருப்பிக் கொட்டிடுவேன். சரியாப் போட்டுட்டா நீங்க ஒண்ணும் சொல்லாமச் சாப்பிட்டு எந்திரிச்சுடுவீங்களேன்னு." தட்டை நேராக்கிவிட்டு, "இப்ப யாருக்குக் கம்மியாப் போடறது?" என்றாள். மறுபடி விசிறினாள்.

அக்கா, முப்பாட்டன் விஷயத்துக்கு எழுந்து உட்கார்ந்தவன் நான். இதற்கு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். இத்தனை வருஷம் எந்தச் சபையிலும் பதில் இல்லாமல் நான் உட்கார்ந்ததில்லை. செத்தவனாகவே இருந்தேன். சியேனி நிறுத்தச் சொல்லவே இல்லை; கேமராக்காரன்தான் கடைசியில் மூக்கைச் சிந்தினான். அப்படி ஒரு நடிப்பை நம் தீவு பார்த்ததில்லை என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லாததால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் படத்தை ஆக்லாந்தில் காட்டுகிறார்கள். கோபத்தை விட்டுவிட்டு நீங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். சபையார் எல்லாரையும் வெள்ளை உடுத்திக் கூட்டிப் போங்கள். எனக்காக அழுதவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. நடுவில் யாரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெதுவாகத்தான் போகும். கடைசிக் காட்சியில் என் முகத்தை மட்டும் கவனியுங்கள். நம் அப்பாவின் முகம் என்று நீங்களே சொல்வீர்கள்.

உங்கள் வீட்டில் சமாதானமும், அத்தானின் முழங்காலில் பலமும், பேரப்பிள்ளைகள் வாயில் நம் பாஷையும் தங்கட்டும். அம்மாவின் பாயைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுங்கள், அவசரமில்லை.

என்றும் தங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட தம்பி,
அபெராமோ

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் மலாயேட்டா இதைப் பிடுங்கிப் படித்தாள். "உங்க மூஞ்சி எங்கேருந்து வந்துச்சு? கேமரா உங்க முதுகுக்குப் பின்னால இல்ல இருந்துச்சு?" என்றாள். செத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் எனக்கு அது தெரியாது. சியேனியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமாங்க ஐயா. உங்க முகத்தையும் மத்த நாள்ல நிறைய எடுத்தோம்தான். ஆனா அம்மா முகம் வந்ததுக்கப்புறம் அதையெல்லாம் வைக்க மனசு வரலை. செத்தவரை எங்கேயும் காட்டலை, அவரு பாக்கறதைத்தான் காட்டறோம்" என்றாள். அப்படியானால் நான் எங்கே என்றேன். "கடைசிக் காட்சியில உங்க இடது தோள் வருதுங்க. ரொம்ப நல்லா வந்திருக்கு." ஆகவே சபையாரிடம் கதாநாயகன் என்று சொல்ல வேண்டாம். கதாநாயகி உங்கள் தம்பி பெண்டாட்டி. ஓரத்தில் தெரியும் தோள் நம் குடும்பத்துடையது என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் மலாயேட்டா எழுதச் சொன்னாள். அந்த உப்பு விஷயம் பொய்யாம். ஏதாவது சொல்லலாம் என்றதால் வாய்க்கு வந்ததைச் சொன்னாளாம், நிஜத்தில் அவள் மறந்துதான் போகிறாளாம். இன்று சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. கம்மி என்று சொன்னேன்.